அமுதசுரபியும் சப்பிரகமுவத் தோட்டங்களும்

ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலையைச் சமய நூலென்றே கற்று முடிப்போர் பலர். பௌத்த அளவைக் கொள்கைகளை அறிதற்கு அது துணைசெய்யும் என்பது உண்மையே. ஆயினும், சீத்தலைச் சாத்தனார் மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசும் பொருள் பசியாகும். பசி தீர்க்கும் வினையாக மலராத துறவு நிறைவுறாது என்பதே காப்பியத்தின் உள்ளுறை. தித் நாட் ஹான் என்னும் வியட்நாமியத் துறவி இருபதாம் நூற்றாண்டிற் பரப்பிய, சமுதாயப் பணியொடு கூடிய பௌத்தத்திற்குத் தமிழில் ஒரு முன்னோடி உண்டெனின் அஃது இந்நூலேயாம்.

காப்பியம் பசிக்கு மூன்று மாற்றுக்களைக் காட்டுகின்றது. முதலாவது அமுதசுரபி. இரண்டாவது மழை; ஆபுத்திரனின் கொடையைப் பொறாத இந்திரன் வறண்ட பாண்டி நாட்டில் மழை பெய்விக்க, நாடு செழித்து, இரப்போர் இலராயினர்; பாத்திரமும் பயனின்றி ஒழிந்தது. மூன்றாவது, மணிமேகலை அரசனை வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய செயல். முதலாவது ஈகை, அடுத்தது இயற்கை, இறுதியது நீதி. கற்போர் முதலாவதனைப் போற்றி இறுதியதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இவ்வேறுபாட்டை இரத்தினபுரி மாவட்டத்து எஹலியகொடப் பகுதியின் இறப்பர்த் தோட்டங்களில் வைத்து நோக்குதல் தகும். பாண்டி நாட்டை வாழ்வித்த மழையே இங்குத் துன்பமாகின்றது. மரப்பட்டை நனைந்திருக்கும் நாளிற் பால்வெட்டு நடைபெறாது; வெட்டில்லையெனின் தொழிலாளியின் வருவாய் குன்றும். மலைச்சரிவில் மண் நீரேறித் தளர்ந்தால் உயிர்க்கே இடராகும். 2016 மே 17 இல் அயல் மாவட்டமாகிய கேகாலையின் அரநாயக்கவில் நிகழ்ந்த மண்சரிவில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். 2017 மே மாத வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரியைப் பெரிதும் தாக்கின. 2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கையில் 600 க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. புவி வெப்பத்தைப் பெருக்கியதில் மிகச் சிறு பங்கே உடைய மக்கள் அதன் விளைவில் பெரும்பங்கு பெறுகின்றனர். லயன் அறைகளில் வாழ்வோருட் பெரும்பாலார்க்கு வீட்டுமனை உரிமை இல்லை. எனவே, அபாய எச்சரிக்கை வருங்கால் எங்கே செல்வது என்பது வானிலை பற்றிய வினாவன்று; நிலவுரிமை பற்றிய வினாவாகும்.

கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. அரியரத்ன 1958 இல் மாணவரைக் கனதொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அதிலிருந்து வளர்ந்த சர்வோதய சிரமதான இயக்கம், தானம் என்னும் சொல்லை உழைப்பைப் பகிர்தல் என விரித்தது. 1955 இல் பர்மாவிற் பணியாற்றிய பொருளியலறிஞர் சூமாக்கர், குறைந்த நுகர்ச்சியில் நிறைந்த வாழ்வு காண்பதே பௌத்தப் பொருளியல் என்றார். இரண்டும் போற்றத்தக்கன. எனினும், போதுமென்ற மனம் மிகையாய் நுகர்வோனுக்கு அறமாகலாம்; கூலி போதாதவனுக்கு அதனை உபதேசித்தல் அறமாகாது. உழைப்பைத் தானஞ் செய்யவேண்டுமாயின் அவ்வுழைப்பும் அதன் பயனும் முதலில் ஒருவனுக்கு உரியனவாதல் வேண்டும். 1948 இல் குடியுரிமை இழந்து, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் முழு மீட்சிக்குக் காத்திருந்த தோட்ட மக்களிடம், கொடையைப் பேசுமுன் உரிமையைப் பேசுதலே முறை.

சாத்தனாரிடத்தும் ஒரு குறை உண்டு. இந்திரவிழா நின்றமையாற் புகாரைக் கடல் கொண்டது எனத் தெய்வச் சினத்தைக் காரணமாக்குகின்றார். இன்றைய பேரிடரின் மூலம் மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயுமே என்பது தெளிவாகிவிட்டது. மனிதராற் செய்யப்பட்டது மனிதராலேயே திருத்தப்படல் வேண்டும். அதற்கு வழிகாட்டுவது சிறைக்கோட்டப் பகுதியே. அங்கே மணிமேகலை சோறிட்டதோடு அமையாது, சோறில்லா நிலையை உண்டாக்கிய கட்டடத்தையே மாற்றுவித்தாள். அப்பகுதியைத் தோட்ட மக்களின் வாழ்வொடு சேர்த்துக் கற்பிக்கும் வகுப்பறையே காப்பியத்திற்கு உண்மையான உரை காண்பதாகும்.