ஆங்கிலக் கவிதையில் 'கூலி'

தமிழில் கூலி என்பது உழைப்புக்குத் தரும் ஊதியம். திருக்குறளின் 619ஆம் குறளிலும் இச்சொல் உழைப்பின் பயனையே குறிக்கிறது. கொருக்குப்பேட்டையிலும் ராயபுரத்திலும் மூட்டை இறக்குபவரிடம் இன்றும் "கூலி எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். ஆளுக்கு மட்டும் 'லோடுமேன்' என்று பெயர். பணத்துக்குத் தமிழ், ஆளுக்கு ஆங்கிலம்!

ஆங்கிலத்துக்குள் போன கூலியோ ஊதியத்தை விட்டு மனிதனைக் குறிக்கத் தொடங்கியது. (குஜராத்தின் 'கோலி' என்ற சமூகப் பெயரே இதன் மூலம் என்போரும் உண்டு.) 1860இல் சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பனை அடைந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அங்கே 'கூலி' என்று பெயர். நாளடைவில் இந்தியர் எல்லோருக்குமே அது வசையாயிற்று. காந்தியும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டதைத் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார்.

ஆகவே, ஆங்கிலக் கவிதையில் உள்நாட்டுச் சொல் ஒன்று வந்தாலே அது காலனிய எதிர்ப்பு என்று மாணவர்கள் எழுதிவிடக் கூடாது. 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி முழுக்க இத்தகைய சொற்கள்தான். அவை ஆங்கிலேயர் தம் வசதிக்காக எடுத்துக்கொண்டவை.

கயானாவில் பிறந்த டேவிட் டபிடீன் 1988இல் வெளியிட்ட 'கூலி ஒடிஸி' வேறு வகை. தலைப்பிலேயே வசைச்சொல்லை ஹோமரின் காவியப் பெயரோடு சேர்த்து நிறுத்துகிறார். ஒடிசியஸ் அரசன், வீடு திரும்புகிறான். கூலி என்று அழைக்கப்பட்டவர்களில் பலர் ஊர் திரும்பவேயில்லை. இவ்விரு சொற்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதே கவிஞரின் எதிர்ப்பு. கயானாக் கிரியோலில் அமைந்த அவருடைய முந்தைய நூல் 'ஸ்லேவ் சாங்' (1984). அதில் அவரே ஆங்கில மொழிபெயர்ப்பும் குறிப்புகளும் சேர்த்திருந்தார். அது எதிர்ப்பின் வேகத்தைக் குறைக்கிறது என்றே சொல்ல வேண்டும். 'கூலி'க்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை; வைதவர்களுக்கே அது நன்றாகத் தெரிந்த சொல்.

மொரீசியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் பிரெஞ்சில் இதே சொல்லிலிருந்து 'கூலிட்யூட்' என்னும் கருத்தை உருவாக்கினார்.

இருவரும் மீட்டது மனிதனின் மானத்தை. ஊதியம் என்ற பழைய பொருள் அவர்கள் தலைப்புகளில் இல்லை. தமிழ் வாசகர் காதிலோ 'கூலி ஒடிஸி' என்பது அந்த நெடும்பயணத்துக்குச் சேரவேண்டிய கூலி என்றும் ஒலிக்கும். மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களில் ஒருநாள் வேலைக்கு வராதவரிடம் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் முறை இருந்தது. அதற்கு 'டபுள் கட்' என்று பெயர்.