அலைப்பலகை: செய்வதா, பழையது வாங்குவதா?

மதுரைக்குக் கடல் கிடையாது. இங்கே வண்டியூரிலிருந்து அலையேறப் போகிறவர் திருச்செந்தூர் தாண்டி மணப்பாட்டுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் சுமார் 450 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குத் தெற்கே கோவளம். இராமநாதபுரம் பக்கத்து அரியமான் கடற்கரை இவற்றைவிடக் கிட்டம்தான். ஆனால் அது பாக் விரிகுடாவின் கரை. ஆண்டில் பெரும்பாலான நாள் சறுக்கத் தக்க அலை அங்கே எழாது.

தூரத்தை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அலைச்சறுக்குப் பலகையைச் சொந்தமாகச் செய்துகொள்வதா, ஒருவர் ஓட்டிக் கழித்ததை வாங்குவதா என்று பேச்சு வந்தால், எல்லாரும் பணத்தையும் கைத்திறனையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். ஆண்டுக்கு எத்தனை நாள் தண்ணீரில் இறங்க முடியும் என்பதை யாரும் தராசில் வைப்பதில்லை. என் பார்வையில் வழக்கே அதில்தான் இருக்கிறது.

செய்பவரின் கட்சியை முதலில் கேட்போம். அது பலவீனமான கட்சி அல்ல. மதுரையில் நல்ல தச்சர்களுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்த் தொட்டி, சிலை, பஸ் பாடி என்று ஃபைபர் வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன; ரெசினும் கண்ணாடி இழைத்துணியும் கிலோக் கணக்கில் கிடைக்கும். வரலாறும் அவர் பக்கம் பேசும். அமெரிக்கர் டாம் பிளேக், ஹவாயின் பழைய மரப்பலகைகளைப் பார்த்து, உள்ளே கூடாக இருக்கும் இலேசான பலகையை 1920-களின் கடைசியில் தாமே கட்டினார். 1932-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பனியில் சறுக்கும் பலகையின் கதையும் இதுதான். மிச்சிகன் மாநிலத்து ஷெர்மன் பாப்பென் 1965-ல் தம் பிள்ளைகளுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிணைத்தார். பின்னால் உலகெங்கும் பரவிய விளையாட்டு அந்த வீட்டுவேலையிலிருந்து கிளைத்தது.

ஆனால் இந்தச் சாட்சிகளைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பிளேக்கும் பாப்பெனும் செய்தது, கடையில் அப்படி ஒரு பொருளே இல்லாத காலத்தில். அவர்கள் முன்னே ‘செய்வதா, வாங்குவதா’ என்ற கேள்வி எழவே இல்லை. பிளேக் தாம் செய்யத் தொடங்கும் முன்பே தேர்ந்த நீச்சல்காரர், அலையேறத் தெரிந்தவர். எந்தக் குறையைப் போக்கப் பலகை செய்கிறோம் என்று அவருக்கு உடம்பிலேயே தெரியும்.

நம் கடற்கரையின் சாட்சியம் இதைவிட வலுவானது. அலையை முட்டித் தாண்டிப் போய், அதே அலையில் ஏறிக் கரை சேரும் கட்டுமரத்தை நம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்தார்கள். இலேசான மரத்தைத் தேர்ந்து, செதுக்கி, கயிற்றால் பிணைப்பார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர வைப்பார்கள், ஏனென்றால் மரம் தண்ணீர் குடித்தால் கனக்கும். எந்த மரம் எவ்வளவு குடிக்கும், முகப்பு எவ்வளவு நிமிர்ந்தால் அலையில் குத்தாது என்பதெல்லாம் தினமும் கடலுக்குப் போய் வந்ததால் தேறிய அறிவு. இதைக் காட்டி ‘நாமும் செய்யலாம்’ என்று வாதிடுகிறவர், அந்த அன்றாடப் போக்குவரத்தை வசதியாக விட்டுவிடுகிறார். அதுதானே வண்டியூர்க்காரரிடம் இல்லாதது!

இனி பட்டறைக்குள் போவோம். கனவு காண்பவர்கள் இங்கேதான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். இன்றைய பலகையின் உள்ளே நுரை, வெளியே ரெசினில் தோய்ந்த கண்ணாடி இழைத்துணி. நுரையில் இரண்டு வகை: பாலியூரித்தேன், தெர்மாகோல். மதுரையில் தேடினால் சுலபமாகக் கைக்கு வருவது தெர்மாகோல். ஃபைபர் பட்டறைகளில் வழக்கமாகப் புழங்குவதோ பாலியெஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். நாள் கணக்கில் இழைத்து வடிவம் கொண்டுவந்த நுரை கண்ணெதிரே குழிந்து போகும். ஆகவே எபாக்ஸி வேண்டும். அதன் விலை அதிகம், ஹார்டனரை அளந்து கலப்பதில் துளியும் தவறக் கூடாது.

எபாக்ஸிக்கும் மதுரை வெயிலுக்கும் ஒத்துப்போகாது. கலந்ததும் அது தானே சூடாகும். சூடு ஏற ஏற இறுகும் வேகமும் கூடும். சித்திரையில் பாத்திரம் நிறையக் கலந்து வைத்தால், துணியில் பாதி தடவுமுன் மீதி பாத்திரத்திலேயே புகைந்து கட்டியாகும். இன்னொரு சங்கடமும் உண்டு. காலையில் வேலையைத் தொடங்கினால் வெயில் ஏறும்போது நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈரமான துணிக்கடியில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். வெப்பம் இறங்கும் மாலையில் பூசுவதே முறை. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, தூசிக்கும் ஆவிக்கும் உரிய முகக்கவசம் வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மொட்டைமாடியில்கூட இந்த வேலை வேண்டாம் என்பேன்.

இத்தனையையும் பழகிக்கொள்ளலாம். செய்பவரின் வழக்கை நான் தள்ளுவது இதற்காக அல்ல. பலகையின் அடிவளைவு குறைந்தால் முகப்பு அலைக்குள் குத்தும். கூடினால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மந்தமாகப் போகும். விளிம்பு தடித்தால் அலையின் சுவரைப் பிடிக்காது. பலகையின் அடியில் மீன் துடுப்புபோல நிற்கும் ஃபின்களில் பக்கத்து ஃபின் கொஞ்சம் கோணலாக ஒட்டப்பட்டாலே பலகை ஒரு பக்கமாக இழுக்கும். புதிதாகப் பழகுகிறவர் விழுவது இயல்பு. சொந்தப் பலகையில் விழும்போது, தவறு காலிலா பலகையிலா என்று அவரால் பிரித்தறிய முடியாது. கோவளத்தில் குடியிருப்பவர் நாளைக்கும் இறங்கி, நண்பரின் பலகையை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார். இரவெல்லாம் பஸ்ஸில் வந்த வண்டியூர்க்காரருக்கு இருப்பது இரண்டு காலைப்பொழுது. தெரியாத இரண்டை ஒரே நேரத்தில் சோதிக்கும் செலவை அவரால் தாங்க முடியாது. நூறு பேர் சரிபார்த்த வடிவம் ஒன்று காலடியில் இருந்தால், விழுந்தது தன் தவறு என்றாவது உறுதியாகும். கற்றல் அந்த உறுதியில்தான் தொடங்கும்.

இதனால் பழைய பலகை தானாகவே வென்றுவிடவில்லை. அந்தச் சந்தைக்கும் பெரிய கோளாறு உண்டு. மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று நடத்தும் கோவளம் அலைச்சறுக்குப் பள்ளி 2012-ல் வந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. விளையாட்டு வளர வளரப் பழைய பலகைகளும் கை மாறுகின்றன. ஆனால் தேர்ந்தவர்கள் விற்பவை பெரும்பாலும் அவர்களுக்கு ஏற்ற பலகைகள்: குட்டை, மெல்லியவை, மிதக்கும் கொள்ளளவு குறைந்தவை. படத்தில் மின்னும் அந்த ஆறடிப் பலகையை விலை மலிவென்று வாங்கும் புதியவர் அதன்மேல் எழுந்து நிற்கவே மாட்டார். அவருக்கு வேண்டியது எட்டு, ஒன்பதடி நீளமும், லிட்டர் கணக்கில் தன் உடல் எடைக் கிலோவைத் தாண்டும் கொள்ளளவும் கொண்ட தடித்த பலகை.

பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். மஞ்சள் பூத்திருப்பது வெயிலின் வேலை, அதை மட்டும் குறையென்று கொள்ள வேண்டாம். மேற்பரப்பு முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தி வாருங்கள். துணி நுரையை விட்டுக் கழன்ற இடம் அமுங்கும், தட்டினால் ஓசை மாறும். குறுக்கே கோடாக மடிப்பு விழுந்திருந்தால் அது ஒருமுறை ஒடிய இருந்த பலகை, எந்த விலைக்கும் வேண்டாம். ஃபின் பொருத்தும் குழியைச் சுற்றி வெடிப்பு உண்டா என்று பாருங்கள். அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. ஓரத்தில் சின்ன அடிபட்ட உடைசல் இருந்து, மற்றவை சரியாக இருந்தால், அதுதான் நான் தேடும் பலகை.

தீர்ப்பு இதுவே: வண்டியூர்க்காரர் முதல் பலகையைப் பழையதாக வாங்கட்டும். அதற்கும் முன்னால் பள்ளியின் பலகையில் எழுந்து நிற்கப் பழகட்டும். கைவேலை ஆசையை அடக்கச் சொல்லவில்லை. வாங்கிய பலகையின் உடைசலில் அது தொடங்கட்டும். நிழலில் நன்றாக உலர்த்தி, கெட்ட பகுதியை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, துணி வைத்து எபாக்ஸி பூசினால், பலகை செய்யும் வித்தையின் பாதி சின்னச் செலவில் கைவந்துவிடும். உள்ளே எந்த நுரை இருந்தாலும் எபாக்ஸி அதைக் கரைக்காது.

ஒரு விதிவிலக்கை மட்டும் மனமார ஏற்கிறேன். அலை வேண்டாம், அரியமானில் நின்றுகொண்டு துடுப்புப் போட்டால் போதும் என்பவர், தாராளமாகப் பிளைவுட்டில் கூடு கட்டிச் செய்துகொள்ளலாம். அங்கே பலகை மிதந்து, கவிழாமல், நேராகப் போனால் போதும். வளைவிலும் விளிம்பிலும் நேரும் சிறு பிழைகளை அசையாத தண்ணீர் மன்னித்துவிடும். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தை மாதம் தெப்பம் வலம் வருவதைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு, மிதக்கும் பொருளைக் கட்டும் ஆசை வருவது நியாயம்தான். நீரேறாத பிசினால் ஒட்டிய பிளைவுட்டாக இருக்கட்டும். உள்ளே விரியும் காற்று வெளியேற ஒரு சிறு திருகுமூடியும் வையுங்கள். இல்லாவிட்டால் நண்பகல் வெயிலில் ஒட்டு விட்டுப்போகும்.