ஒரே எண், இரண்டு சட்டம்

கேரளத்தின் மூணாறுக்கும் இலங்கையின் பதுளைக்கும் தேயிலை உறவு. இரு மலைகளிலும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை படித்துப் பட்டம் வாங்கி, கல்லூரி வேலைக்கு மனுப் போடுகிறார். அவருக்குப் பார்வை இல்லை, அல்லது போலியோவில் சூம்பிய கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூணாறு அரசுக் கல்லூரியும் பதுளையின் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் அந்த மனுவை எப்படிப் பார்க்க வேண்டும்?

மூணாற்றுக்காரரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. கேரளத்தார் வாயில் அது ‘பின்னசேஷி சம்வரணம்’. தகுதியான ஆள் கிடைக்கவில்லையென்றால் இடம் அடுத்த ஆண்டுக்குப் போகும். அப்போதும் இல்லையென்றால் வேறு வகை மாற்றுத்திறனாளிக்கு. அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு.

பதுளைக்காரரிடம் இருப்பது 27/88 என்ற பொது நிருவாகச் சுற்றறிக்கை. அரச வெற்றிடங்களில் 3 சதவீதம் வலுவிழந்தோருக்கு என்று 1988இலேயே சொன்னது. இந்த ஒதுக்கீட்டுக்கு இந்தியாவின் முதல் சட்டம் வந்ததே 1995இல். அந்தச் சட்டத்தை முந்திக்கொண்டது இலங்கைதான். ஆனால் சுற்றறிக்கை சட்டமன்று. குறைபாடு கடமைக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு. இடையூறா இல்லையா என்று தீர்மானிப்பவர், வேலை கொடுக்கத் தயங்குகிற அதே ஆளாக இருந்தால் 3 சதவீதம் என்னவாகும்?

ஒரு வேடிக்கை. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவு வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாட்டைத் தடுக்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். இந்தியச் சட்டத்தின் 23ஆம் பிரிவோ, ஒவ்வொரு அரசு நிறுவனமும் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை வைக்க வேண்டும், புகாரை இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும் என்கிறது. ஒருவர் வக்கீலைத் தேட வேண்டும். மற்றவர் அலுவலகக் கதவைத் தட்டினால் போதும். ஏழைக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல.

வேலையில் சேர்ந்த பிறகு இடைவெளி இன்னும் பெரிது. இலங்கைப் பிரிவு ஆட்சேர்ப்போடு நின்றுவிடுகிறது. இந்தியாவில், பணிக்காலத்தில் உடற்குறை வந்தாலும் அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பதவி உயர்விலும் ஒதுக்கீடு உண்டு என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வழக்குத் தொடுத்தவர் கேரளக் காவல்துறையில் தட்டச்சராகச் சேர்ந்த ஒரு பெண். அவர் வேலைக்கு வந்தது ஒதுக்கீட்டில்கூட அல்ல, கருணை அடிப்படையில்.

இதனால் கேரளம் சொர்க்கம் என்று எண்ண வேண்டாம். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் உதவிபெறும் கல்லூரிகளில் சம்பளம் கொடுப்பது அரசு, ஆளை எடுப்பது நிர்வாகம். ஒதுக்கீடு அவற்றுக்கும் பொருந்தும், 1996 முதல் விட்டுப்போன இடங்களையும் நிரப்புங்கள் என்று மாநில அரசு ஆணையிட 2018 நவம்பர் ஆயிற்று. இரண்டு தசாப்தத்துக்கு மேல் அந்த இடங்களில் யாரோ உட்கார்ந்து ஓய்வும் பெற்றுவிட்டார்கள்.

மூணாறிலோ பாலக்காட்டுச் சித்தூரிலோ விண்ணப்பிக்கிறவர்கள், எந்த இடம் யாருக்கு என்று காட்டும் இடச்சுழற்சிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பதுளைக்காரர்கள், 27/88இன்படி எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்று எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் சட்டம் இந்தியாவில் 2005இலும் இலங்கையில் 2016இலும் வந்துவிட்டது.