நகை கொடுத்த கலெக்டரும் அறிக்கை எழுதிய கலெக்டரும்

சின்ன காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் கிளைவ் மகரகண்டியைப் பற்றிச் சொல்வார்கள். வரதராஜப் பெருமாளுக்கு ராபர்ட் கிளைவ் கொடுத்ததாகச் சொல்லப்படும் கழுத்தணி அது. 1790களில் கம்பெனி ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பெயரிலும் ஒரு நகை உண்டு. வெள்ளைக்காரனே பெருமாளுக்குப் பணிந்தான் என்று அதைச் சொல்லும்போது ஊருக்கு ஒரு பூரிப்பு. அதே சீமைக்கு நூறு வருஷம் கழித்து கலெக்டராக வந்த ஜே.எச்.ஏ. திரெமென்ஹீரை யாருக்கும் தெரியாது. அவர் பெயரில் நகை இல்லை. செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி 1891 அக்டோபரில் அவர் எழுதிய அறிக்கைதான் இருக்கிறது.

நம் மேடைகளில் அந்தப் பெயர் அடிக்கடி வருகிறது. மாலை போடுகிறோம், கைதட்டுகிறோம். அறிக்கையைப் படித்தவர் எத்தனை பேர்? படிக்க வேண்டிய பிரதி அது. புகழ்வதற்காக அல்ல, நமக்காகப் பேசுகிறவர்கள் நம்மை எப்படி எழுதுகிறார்கள் என்று பார்ப்பதற்காக.

அதில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது கழனி பற்றிய பகுதி அல்ல, வீட்டு மனை பற்றிய பகுதிதான். அன்றைக்குத் தொண்டை மண்டலக் கிராமங்களில் நிலம் மட்டுமில்லை, சேரிக்காரன் குடிசை போட்டிருந்த இடமும் தனதென்றான் மிராசுதாரன். கூலி போதவில்லை என்று வாயைத் திறந்தால், 'என் மனையை விட்டு எழுந்திரு' என்பான். கூரை போனால் கட்டிக்கலாம். மண்ணே அவனுதுன்னா எங்க போய் கட்டறது? 1843இலேயே அடிமை முறையைச் சட்டம் ஒழித்துவிட்டது. படியாள் மட்டும் படியாளாகவே இருந்தான். இது ஏன் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. தரிசு நிலம் கேட்டு தர்க்காஸ்து மனு போட்டால் அங்கேயும் மிராசுதாரனுக்கே முன்னுரிமை. அவன் பயிர் வைக்க வேண்டியதில்லை, அடுத்தவன் வைக்காமல் தடுத்தால் போதும். கழனி கிடைத்துவிட்டால் சேரிக்காரன் கூலிக்கு வரமாட்டான் அல்லவா? பசிக்குக் காரணம் சோம்பல், குடி, கர்மவினை என்று மற்றவர்கள் உபதேசம் செய்துகொண்டிருந்தபோது, இந்த அதிகாரி காரணத்தை நில நிர்வாகத்தில் தேடினார். அறிக்கையின் பலம் அங்கேதான் இருக்கிறது.

பலவீனமும் அதிலேயே. முழுக்க நம்மைப் பற்றிய அந்தப் பிரதியில் நாம் பேசவில்லை. கலெக்டர் பேசுகிறார், அவருக்குத் தெம்பு தந்த பாதிரிமார்களின் சாட்சியம் பேசுகிறது. பறையர் என்பவர் எண்ணப்பட்டு, பரிதாபத்தோடு மேலே அனுப்பப்படுகிற பொருள். ஆனால் ஊமையாக யாரும் இல்லை. அதே 1891இல் பறையர் மகாஜன சபை தொடங்கியாகிவிட்டது. தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் எங்கிருந்தோ வந்தவரில்லை. இதே செங்கல்பட்டு ஜில்லாவின் கோழியாளத்துக்காரர். இரண்டு வருஷத்தில் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். 1924இல் சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம் பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்றது. அதில் பரிதாபம் கிடையாது. ஒருவர் நமக்காகக் கேட்பதற்கும் நாமே கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு எழுத்துகளையும் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

அறிக்கையின் விளைவு 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அந்த வழியில் வந்தது. பிறகு வகுத்த நிபந்தனைப்படி பத்து வருஷத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்கலாம். நல்ல நிபந்தனைதான். காவல் காத்தது யார்? ஊர்க் கணக்கு எழுதியது யார் கை? மிராசுதாரனின் சொந்தக்காரன் கை. காகிதத்தில் தந்ததைக் காகிதத்திலேயே எடுத்தார்கள். 1979இலிருந்து 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் நிபந்தனைக் குறிப்பு பல இடங்களில் புதுப் பதிவேட்டுக்கு வராமலே போனது. ஒருத்தன் வேலி போட்டுப் பிடுங்கினால் சண்டை போடலாம், குறிப்புப் பத்தியில் ஒரு வரி காணாமல் போனதற்கு யாரோடு சண்டை போடுவது?

1994இல் சண்டை போட்டார்கள். மாமல்லபுரம் பக்கத்தில் காரணை பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்து நிலத்தைக் கேட்டார்கள். அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் விட்டார்கள். அதற்குப் பிறகு 1997இல் ஜில்லாவைப் பிரித்தார்கள், 2019இல் மறுபடி பிரித்தார்கள். நிலத்தைத்தான் பிரித்துக் கொடுக்கவில்லை.

துறையின் பெயரைப் பாருங்கள். 1920இல் நமக்காக லேபர் கமிஷனரைப் போட்டார்கள். 1949இல் அது ஹரிஜன நலத்துறை, பின்னால் ஆதிதிராவிடர் நலத்துறை. கூலி, நிலம் என்ற வார்த்தைகள் உதிர்ந்து, 'நலம்' மட்டும் மிஞ்சியது. நலம் வந்ததும் நாம் 'பயனாளிகள்' ஆனோம். படிவத்தில் பயனாளியின் பெயர், பயனாளியின் கையொப்பம். பஞ்சமிக்காரன் ஒரு சர்வே எண்ணைக் காட்டி 'இது என்னுது' என்றான். பயனாளியால் 'எனக்கும் போடுங்க சார்' என்றுதான் சொல்ல முடியும். நம் தொண்டு நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கைகளிலும் இதே நடைதான். ஏழைத்தாயின் புகைப்படம், கண்ணீர், பரிந்துரைகள். திரெமென்ஹீர் ஒரு அதிகாரியாக நின்று பரிதாபத்தில் எழுதினார், சரி. நம்ம ஆளுங்களே ஏன் அந்தக் குரலில் எழுதணும்?

இந்த ஊரிலேயே ஒரு பாடம் உண்டு. 1990களில் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்கு உட்கார்த்தி வைத்த பிள்ளைகளில் சுற்றுவட்டச் சேரிப் பிள்ளைகள் நிறைய. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. 'குழந்தைப் பருவத்தை மீட்போம்' என்று அப்போது அடித்த துண்டறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் கையைப் படம் போட்டிருந்தார்கள். முன்பணம் வாங்கிய அப்பன் ஏன் வாங்கினான், அவன் தாத்தாவின் கழனி எந்தச் சர்வே எண்ணில் யார் பேரில் இருக்கிறது என்று ஒன்றிலும் இல்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து கையில் இருக்கிறது. பழைய ரீசெட்டில்மென்ட் 'அ' பதிவேட்டின் நகலைக் கேட்டு, புதுப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து, கிராமம் கிராமமாக அச்சடித்தால் அது வறண்ட பட்டியலாகத்தான் இருக்கும். நம் இதழ்கள் அந்தப் பட்டியலைப் போட வேண்டும். கவிதைக்கு ஒதுக்கும் பக்கத்தில் பாதியைக் கொடுத்தால்கூட ஒரு தாலுகாவை முடித்துவிடலாம்.