பூங்காவா, பேட்டையா?

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் திட்டமிடப்பட்ட ‘பி.எம். மித்ரா’ என்னும் ஒன்றிய அரசுத் திட்டத்தின் வளாகத்துக்கு அரசுத் தமிழ் இட்ட பெயர் ‘ஜவுளிப் பூங்கா’. 2023 மார்ச்சில் ஏழு மாநிலங்களுக்கு அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தின் நோக்கம் நூற்பு, நெசவு, சாயமேற்றல், தையல் அனைத்தையும் ஒரே இடத்தில் சேர்ப்பது. கரிசல் காட்டு ஆலைக் கூட்டத்துக்குப் பூங்கா என்ற பெயர் எப்படி வந்தது? ஆங்கிலத்துப் ‘பார்க்’ எங்கே வந்தாலும் பூங்கா என்று எழுதிவிடும் வழக்கத்தால் வந்தது. இவ்வழக்கத்தில் நன்மையும் உண்டு. ‘பார்க்’ என்றே எழுதாமல் தமிழ்ச்சொல் ஒன்று நிலைத்தது. கோப்புகளில் குழப்பம் இல்லை. உயிரியல் பூங்கா, தேசியப் பூங்கா என்னும்போது மரமும் செடியும் இருப்பதால் சொல் பொருந்தவும் செய்கிறது.

தொழிற்சாலைக்கு வரும்போதுதான் இடறுகிறது. ஆங்கிலம் ‘பார்க்’ என்ற சொல்லைப் பெற்றதே பழைய பிரெஞ்சிலிருந்து. அங்கே அதன் பொருள் அடைத்து வளைத்த நிலம். அதனால் ஆட்டுப்பட்டி, சிப்பி வளர்ப்பிடம், காற்றாலைத் தொகுதி, ஒரு நிறுவனத்தின் மொத்த வண்டிகள் என எல்லாவற்றையும் பிரெஞ்சில் அச்சொல் தாங்குகிறது. அதே ஆங்கிலச் சொல் வண்டியை நிறுத்துவதைக் குறித்தால், பிரெஞ்சுக்காரர் வேறு வினைச்சொல்லுக்குப் போய்விடுகிறார். நாமும் ‘கார் பூங்கா’ என்று எழுதுவதில்லை. வாகன நிறுத்துமிடம் என்கிறோம். இடம் பார்த்துச் சொல்லை மாற்றும் இந்தக் கவனம் ஆலைக்கு மட்டும் ஏன் இல்லை? பூங்கா என்பதற்குள் பூவும் காவும் வெளிப்படையாகவே நிற்கின்றன. சாயப்பட்டறை அதற்குள் அடங்காது.

பழகப் பழகச் சொல்லின் பொருள் விரியும் என்று வாதிடலாம். விரியும், ஆனால் மக்கள் வாயில் புழங்கினால்தான் விரியும். தொழில்வளாகத்தை மக்கள் ‘சிப்காட்’ என்பார்கள், ‘மில்லு’ என்பார்கள். ‘பூங்காவுக்கு வேலைக்குப் போகிறேன்’ என்பவரைக் காண்பது அரிது. ஆலையைப் ‘பார்க்’ என்றழைக்கும் மெருகுப்பூச்சு ஆங்கிலத்திலேயே இருக்கிறதே என்றால், அதை நாம் இன்னும் தடிமனாக்கிவிட்டோம் என்பதே பதில். நமக்குச் சொற்பஞ்சமும் இல்லை. ‘பேட்டை’ இருக்கிறது. 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் சிந்தாதிரிப்பேட்டை. 1958இல் கிண்டியில் அமைந்த ‘இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்’ தமிழில் தொழிற்பேட்டை ஆயிற்று. பேட்டை என்பது சிறுதொழிலுக்குரிய பெயர் என்ற தடையும் நிற்காது. அச்சொல்லில் ஏக்கர்க் கணக்கு எதுவும் இல்லை. பெயர்ப்பலகை அப்படியே இருக்கட்டும். நிலம், நீர், சாயக்கழிவு பற்றி ஊராருக்கு வரும் அறிவிப்புகளிலாவது ‘ஜவுளித் தொழிற்பேட்டை’ என்று எழுதுங்கள். என்ன வருகிறது என்று படிப்பவருக்குப் புரியட்டும்.