செங்கால் நாரை மீளும் காலம்

சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாட்டை அறியாத தமிழ் மாணவர் அரியர். மதுரையிலே உடுக்கத் துணியின்றி வாடையில் நடுங்கும் புலவர், தம் நிலையை ஊரிலிருக்கும் மனைவிக்கு உரைக்குமாறு ஒரு நாரையை வேண்டுகின்றார். உரை கூறுவோர் பெரும்பாலும் அதன் அவலச் சுவையையும் உவமை நயத்தையும் பாராட்டி அமைவர். அப்பறவை எக்காலத்து எத்திசை செல்வது என்பதை அவர் நோக்குவதில்லை. பாட்டின் உயிர் அங்கேயே உளது என்பது எமது துணிபு.

முதற்கண், பறவை யாது? புலவர் கூறும் சிவந்த காலும் பவள அலகும் வெள்ளை நாரைக்கே பொருந்தும். நமது கடனீரேரிகளிலும், 1938இல் பறவைச் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளத்திலும் காணப்பெறும் சங்குவளை நாரையின் அலகு மஞ்சள் நிறத்தது. ஆதலின் அது அன்று. வெள்ளை நாரை ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரிப்பது. அவற்றுள் ஒரு சாரன மாரிக்காலத்தில் இந்தியாவுக்கு வருவன; ஈழத்தில் அதனைக் காண்டல் அருமை. அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமித்த நுட்பத்தை, ஒடியலுக்குக் கிழங்கு கிழிக்கும் எம்மவர்க்கு விளக்கவேண்டுவதில்லை. நீண்டு நுனி கூர்ந்த இரு பாதிகளும் அலகின் இரு பாதிகளே. நிறத்தைச் சொல்லப் பவளம் வேறாக நின்றது. பாத்தியிலிருந்து கிழங்கு கிண்டும் காலமும் இப்பறவை தென்னாட்டில் தங்கும் காலமேயாம்.

இனிக் காலத்தை நோக்குவோம். புலவரை வாட்டுவது வாடை. மனைவியிருக்கும் வீட்டின் சுவரோ மழையில் நனைந்துள்ளது. எனவே மாரி இன்னும் கழியவில்லை. இந்நாளில் வலசைப் பறவை தெற்கே வந்திருக்குமேயன்றி வடக்கே மீளாது. அதனாலன்றோ, குமரியாடி வடதிசை செல்வீராயின் என்று நிபந்தனையோடு வேண்டுகின்றார்! அது மீள்வது மாசி பங்குனியில். அப்போது வாடை அடங்கிவிடும், சுவரும் உலர்ந்துவிடும். தூது சேரும் நாளில், அது சொல்லும் குளிர் பழங்கதையாகியிருக்கும். குளிரிற் கிடந்தவர் என்னவானார் என்பதை நாரையும் அறியாது, மனைவியும் அறியாள்.

புலவர் இத்துணைக் கணக்குப் பார்த்தாரோ என்று சிலர் வினவக்கூடும். நீர் தேடிக் குளத்துக்குக் குளம் மாறும் உள்ளூர் நாரைகளும் உள என்பது மெய்யே. ஆயின் அவற்றுக்குக் குமரியும் வடதிசையும் வேண்டா. செய்தியின் வாசகமும் எமது கருத்துக்கே துணைசெய்கின்றது. பொருள் அனுப்பு என்றோ, விரைந்து வருவேன் என்றோ புலவர் சொல்லவில்லை. ஏழையொருவனைக் கண்டோம் என்று மட்டுமே சொல்லச் சொல்கின்றார்.

காளிதாசரின் மேகதூதத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே மேகம் பருவக்காற்றோடு அப்பொழுதே வடக்கே செல்வது. யக்கனின் சாபத்துக்கும் இன்னும் நான்கு திங்களே எல்லை. இங்கே தூதும் தாழ்ப்பது. பிரிவுக்கும் எல்லை கூறப்படவில்லை. பாண்டியன் மறைந்திருந்து கேட்டுப் போர்வை அளித்தான் என்னும் கதை பாட்டுக்குப் புறத்தது.