அடி விழும்வரை பந்தைக் கையில் வைத்திருந்தவர்

ஜொனி செக்ஸ்டன் என்றால் றக்பி பார்ப்பவர்கள் பாரிஸில் அவர் அடித்த அந்த ஓர் உதையைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிட, அதற்கு ஐந்தாறு நிமிடம் முந்தி அவர் அடித்த இன்னோர் உதைதான் பெரிது.

2018 பெப்ரவரி 3. ஆறு நாடுகள் தொடரில் பிரான்ஸும் அயர்லாந்தும். மழையில் ஊறிய மைதானம். பிரான்ஸ் 13–12 என முன்னிலை. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸின் பெலோ ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். அயர்லாந்து தன் 22 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடர வேண்டும். தூரமாக உதைத்தால் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும், பிறகு அவர்கள் அதைத் திருப்பித் தரப்போவதில்லை. செக்ஸ்டன் பந்தைக் கிட்டவே விழும்படி உயர்த்தி அடித்தார். இயன் ஹென்டர்சன் எழும்பிப் பிடித்தார். அதன் பிறகு 41 ஃபேஸ்கள்.

ஃபேஸ் என்றால் என்ன? பந்தோடு ஒருவர் முட்டி விழுவார்; தோழர்கள் அவர் மேல் நின்று பந்தைக் காத்து வெளியே எடுப்பார்கள்; அடுத்தவர் வாங்கி முட்டுவார். ஒவ்வொரு முட்டலும் ஒரு ஃபேஸ். நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென விளங்கும். கயிறு முழம் முழமாகத்தான் வரும். நடுவில் ஒரு பக்கம் கை தளர்ந்தால் மடியில் உள்ளது கடலுக்கே போய்விடும். அந்த 41இன் நடுவே, எல்லோரும் பந்தைப் பொத்திப் பொத்திக் கொண்டுபோகும்போது, செக்ஸ்டன் வலப்பக்கம் நின்ற கீத் ஏர்ல்ஸுக்குக் குறுக்காக ஓர் உதை கொடுத்தார். பிடி தவறியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். தவறவில்லை. 83ஆவது நிமிடத்தில் பந்து மீண்டும் அவரிடம் வந்தது. சுமார் 45 மீட்டர். பந்தை நிலத்தில் விட்டு, அது எழும் கணத்தில் அடித்தார். இதுதான் ட்ரொப் கோல். 15–13. அந்த ஆண்டு அயர்லாந்து ஐந்து ஆட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம் எடுத்தது; உலகின் சிறந்த வீரர் விருது செக்ஸ்டனுக்கு.

இவர் பிள்ளைப் பருவத்திலேயே பேர் எடுத்த வீரர் அல்ல. 1985இல் டப்ளினில் பிறந்தவர். 2006இல் லென்ஸ்டர் அணியில் அறிமுகமாகியும், ஆர்ஜென்டீனாவின் பெலிப்பே கொண்டெபோமிக்குப் பின்னால் வரிசையில் காத்திருந்தார். 2009 மே 2, குரோக் பார்க்கில் மன்ஸ்டருடன் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதி, 82,208 பேர் பார்வையாளர்கள். கொண்டெபோமி காயப்பட்டு வெளியேற, 23 வயது செக்ஸ்டன் உள்ளே வந்தார். வந்ததும் ஒரு பெனால்டி. உடம்பு சூடாகாமலே அடித்து உள்ளே போட்டார். லென்ஸ்டர் 25–6 என வென்றது. மூன்று வாரத்தில் கிண்ணத்தையும் எடுத்தது. நவம்பரில் பீஜிக்கு எதிராக அயர்லாந்துக்காக முதல் ஆட்டம். அடுத்த வாரம் உலகச் சம்பியன் தென்னாபிரிக்காவை 15–10 என வீழ்த்தியபோது அந்தப் பதினைந்தும் அவருடைய காலிலிருந்து வந்தவை.

2011 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கார்டிஃப் நகரில் இடைவேளையின்போது நோர்தாம்டன் 22–6 என முன்னிலை. முடிவு 33–22, லென்ஸ்டருக்கு. இரண்டு ட்ரை, மூன்று கொன்வேர்ஷன், நான்கு பெனால்டி: 28 புள்ளிகள் ஒரே ஆளுக்கு.

ஆனால் புள்ளிக் கணக்கு அவரை முழுதாகக் காட்டாது. அவருடைய கையைப் பாருங்கள். ‘லூப்’ என்றோர் ஓட்டம் அவருக்குக் கைவந்தது: பந்தைப் பக்கத்து வீரருக்குக் கொடுப்பார், அவருக்குப் பின்னால் சுற்றி ஓடி அதே பந்தைத் திரும்ப வாங்குவார். அந்த ஒரு சுற்றில் எதிரணித் தடுப்பில் ஓர் ஆள் குறைந்துபோவார். இது பலிக்க ஒரு விலை உண்டு. தடுக்க வருபவர் தன்னை மோதப் போகிற கடைசிக் கணம்வரை பந்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். முந்தியே கொடுத்துவிட்டால் அடி விழாது, தடுப்பவரும் ஏமாறமாட்டார். செக்ஸ்டன் ஆட்டத்துக்கு ஆட்டம் அந்த அடியை வாங்கினார். 2014இல் ஓர் ஆண்டுக்குள் நான்கு தலையதிர்ச்சிகள். 12 வாரம் ஆடக்கூடாது என்றார்கள் வைத்தியர்கள். திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே பிரான்ஸின் பஸ்தரோவோடு தலை முட்டி இரத்தம் வடிந்தது. ஐந்து பெனால்டிகளையும் அடித்தார். அந்தத் துணிவை மெச்சும்போதே எனக்குப் பயமாகவும் இருந்தது. தலையில் அடிபட்ட பிள்ளையை ‘ஒன்றுமில்லை, போய் ஆடு’ என்று அனுப்பும் பயிற்றுநர்கள் எந்த விளையாட்டிலும் இருக்கக்கூடாது.

கோபமும் அவர் குறைதான். 2023 மேயில் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் லென்ஸ்டர் 27–26 என லா ரொஷெலிடம் தோற்றது. லா ரொஷெலின் பயிற்றுநர் அயர்லாந்தில் செக்ஸ்டனுக்கு முன்பு, ஆட்டத்தை வழிநடத்தும் 10ஆம் இலக்கத்தில் ஆடிய ரோனன் ஓகாரா. காயத்தால் அன்று ஆடாத செக்ஸ்டன் மைதானத்துக்குள் போய் நடுவர்களோடு முறைத்துக்கொண்டார். மூன்று ஆட்டத் தடை. அயர்லாந்து அணியின் தலைவருக்கு இது அழகல்ல.

அயர்லாந்து றக்பிக்கும் இலங்கைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1950இல் நியூஸிலாந்து, அவுஸ்திரேலியா சுற்றுப்பயணம் முடித்து ஊர் திரும்பும் வழியில் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி கொழும்பில் இலங்கையை 44–6 என வென்றது. அந்தப் பயணத்தின் தலைவர் கார்ல் முல்லன், 1948இல் அயர்லாந்துக்கு முதல் கிராண்ட் ஸ்லாம் எடுத்துக் கொடுத்தவர். 10ஆம் இலக்கத்தின் வேலையை நேரில் படிக்க நமக்கும் ஒருவர் இருந்தார்: கண்டி கிங்ஸ்வூட்டில் உருவாகி, கண்டிக் கழகத்துக்கும் இலங்கைக்கும் ஆடிய பாஸில் மரீஜா. சந்தாங்கேணி மைதானத்தில் மாலை நேரம் உதைபந்து ஆடும் பிள்ளைகளில் குறுக்குப் பந்தை அளந்து கொடுக்கிறவன் ஒருவன் எப்போதும் இருப்பான். அவன் கையில் நீள்வட்டப் பந்து ஒன்றைக் கொடுத்துப் பார்க்க எனக்கு ஆசை.

2023 மார்ச்சில் செக்ஸ்டன் தலைமையில் இன்னொரு கிராண்ட் ஸ்லாம். ஆறு நாடுகள் தொடரில் ஓகாராவின் 557 புள்ளிகளைக் கடந்ததும் அதை வென்ற அன்றுதான். அதே ஆண்டு உலகக் கிண்ணத்தில் தொங்காவுக்கு எதிராக, அயர்லாந்துக்காக ஓகாரா எடுத்த 1,083 புள்ளிகள் என்ற சாதனையும் விழுந்தது. தொடர்ந்து 17 வெற்றிகளோடு காலிறுதிக்கு வந்தார்கள். எதிரே நியூஸிலாந்து.

நமக்கு அது நள்ளிரவு தாண்டிய ஆட்டம். முடிந்தபோது சுபஹுத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. 28–24 எனப் பின்தங்கிய அயர்லாந்து கடைசியில் 37 ஃபேஸ்கள் முட்டியது. பாரிஸ் நகரம், அதே மைதானம், அதே பொறுமை. 38 வயது செக்ஸ்டன் ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து பந்தை வாங்கினார். ஆனால் நான்கு புள்ளி குறைவாக இருக்கையில் ட்ரொப் கோல் உதவாது, அது மூன்றுதான். இரண்டாம் பாதியில் அவர் ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தார். அது உள்ளே போயிருந்தால் 28–27. அப்போது அந்த 37 ஃபேஸ்களின் ஏதோவொரு கணத்தில் அவர் இரண்டடி பின்வாங்கி நின்று, 2018இல் செய்ததைத் திரும்பச் செய்திருக்கலாம். சாம் வைட்லொக் பந்தைப் பறித்தார். விசில் ஒலித்தது.